எங்கள் வீட்டுக் காந்தா: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நூறு வயதான ஒரு போர்வை இருக்கிறது. வங்காளத்தில் அதைக் காந்தா என்பார்கள். இப்போது பங்களாதேஷில் இருக்கும் ஜெசோர் மாவட்டத்தில், என் மாமியாரின் அம்மாவும் அவருடைய மாமியாரும் சேர்ந்து தைத்தது. நான் மதுரைக்காரி. கல்யாணமாகி கொல்கத்தா போய் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு இப்போது சென்னைக்கு வந்திருக்கிறோம், மாமியாரும் காந்தாவும் எங்களோடுதான். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், மகளின் தோழிகள், மாடி வீட்டு அக்கா என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை இங்கே வைத்திருக்கிறேன்.

காந்தான்னா என்ன? பழைய போர்வைதானே?

போர்வைதான். கட்டிக் கட்டி மெத்தென்று ஆகிப்போன பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மூன்று அடுக்கோ ஐந்து அடுக்கோ, கனமாக வேண்டுமென்றால் ஏழு அடுக்கு வரைகூட வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி பொடிப்பொடியாக நூலோட்டித் தைத்தால் அது காந்தா. உள்ளே பஞ்சு கிடையாது. வங்காளத்து டிசம்பர், ஜனவரிக் குளிருக்கு இந்தக் கனமே போதும்.

பூ, மீன், தேர் என்று உருவங்கள் போட்டுத் தைத்ததை நக்ஷி காந்தா என்கிறார்கள். நக்ஷா என்றால் வரைந்த வடிவம். ஜசிமுத்தீன் என்ற கவிஞர் 1929-இல் எழுதிய ஒரு நெடுங்கவிதையில், பிரிந்துபோன கணவனை நினைத்து ஒரு பெண் தன் கதையையே காந்தாவில் தைக்கிறாள். அந்தக் கவிதைக்குப் பிறகுதான் நக்ஷி காந்தா என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. வீட்டில் என் மாமியார் சொல்வது வெறுமனே காந்தா.

காந்தாவும் நம்ம "கந்தை"யும் ஒண்ணா? கேட்க ஒரே மாதிரி இருக்கே.

நான் கல்யாணமாகிப் போன முதல் வாரம் இதே சந்தேகம்தான் எனக்கும் வந்தது. ஒட்டுப்போட்ட துணி, கிழிசல் ஆடை என்ற பொருளில் சமஸ்கிருதத்தில் கந்தா என்ற சொல் இருக்கிறது. அங்கே அது காந்தா ஆனது, இங்கே கந்தை ஆனது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நாம் சொல்கிற அதே கந்தை. நம் பேச்சில் அது கிழிசலோடு நின்றுவிட்டது, அவர்கள் பேச்சில் கிழிசலை எடுத்துத் தைத்த பொருளுக்கும் பெயராகிவிட்டது.

காந்தான்னா போர்வை மட்டும்தானா?

இல்லை. குளிருக்குப் போர்த்தும் கனமானது லேப். விருந்தாளி வந்தால், விசேஷம் என்றால் விரிப்பது சுஜ்னி. புத்தகமோ நகையோ சுற்றி வைக்கச் சதுரமாகத் தைப்பது பைத்தன். தலையணை உறைக்கு "ஓர்" என்று பெயர். கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் நீளத் துண்டு ஆர்ஷிலதா. சின்னப் பைக்கு துர்ஜனி, கைக்குட்டைக்கு ருமால். பிறந்த குழந்தைக்கு மட்டும் தனியாக, சின்னதாக, பூவேலை அதிகம் இல்லாமல் ஏழெட்டு தைத்து வைப்பார்கள், நனைய நனைய மாற்ற வேண்டுமே. எங்களுடையது லேப்.

உங்க வீட்டுக் காந்தாவை யார் தச்சாங்க, எப்போ தச்சாங்க? வருஷம் எப்படித் தெரியும்?

என் மாமியாரின் அம்மாவை வீட்டில் திதிமா என்பார்கள். கல்யாணமாகி வந்த மறு வருஷம், தலைப்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, தன் மாமியாரோடு சேர்ந்து தைத்தார். அந்த மாமியாரை நான் இங்கே பெரிய பாட்டி என்று சொல்கிறேன். இரண்டு பேர் தைத்தது என்பது யாரும் சொல்லாமலே தெரியும். விரித்து வைத்துக் குனிந்து பார்த்தால், இடது பாதியில் ஓர் அங்குலத்துக்குப் பதினொரு தையல் எண்ணலாம், ஒவ்வொன்றும் அரிசி நொய் மாதிரி ஒரே அளவு. அது பெரிய பாட்டி. வலது பாதியில் ஏழு வரும், எட்டு வரும், சில இடத்தில் நூல் இழுத்துத் துணி சுருங்கியிருக்கும். பதினேழு வயசுப் பெண்ணின் கை. வலது பாதியிலேயே கீழே வர வர அந்தத் தையலும் பொடியாகிக்கொண்டே போகிறது. தைத்துத் தைத்தே கை படிந்திருக்கிறது.

வருஷம் ஒரு மூலையில் வங்காள எண்களில் தைத்திருக்கிறது: 1332. இது வங்காள ஆண்டுக் கணக்கு. அதோடு 593-ஐக் கூட்டினால் 1925 வரும், வங்காள வருஷம் சித்திரையை ஒட்டி ஏப்ரல் நடுவில் பிறப்பதால் 1925 ஏப்ரலிலிருந்து 1926 ஏப்ரலுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். மாமியாரின் அண்ணன் பிறந்தது 1926, கணக்கு சரியாக இருக்கிறது. உங்களிடம் இருக்கும் காந்தாவில் இப்படி நாலு இலக்கம் இருந்து, "அடேயப்பா, 1332-ஆம் வருஷத்துத் துணியா" என்று யாராவது சொன்னால் இந்த 593-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழசைச் சேர்த்துத் தைக்கிறது இல்லாமைதானே? இதுல பெருமைப்பட என்ன இருக்கு?

இல்லாமையும் உண்டு, அதை நான் மறைக்க விரும்பவில்லை. கம்பளி வாங்க முடியாதவர்கள் பழந்துணியைப் போர்வையாக்கினார்கள். ஆனால் வசதியான வீடுகளிலும் தைத்தார்கள், அங்கேயும் பழைய துணியில்தான். காரணம் மெதுமை. புதுத்துணிக்குக் கஞ்சியின் விறைப்பு இருக்கும், நூறு முறை துவைத்த புடவை குழந்தையின் தோலில் உரசாது. கண்ணேறு படாமல் பழந்துணி காக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. நம் வீடுகளிலும் பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போடுவதில்லை, பாட்டியின் பழைய சேலையைக் கிழித்துத்தான் சுற்றுகிறோம். தூளி கட்டுவதும் அதே சேலையில். ஆகவே இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை.

என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். இந்தக் காந்தாவில் வலது ஓரம் கிழிந்திருக்கிறது, அந்த வழியாகப் பார்த்தால் உள்ளே மூன்றாவது அடுக்கில் ஒரு நீலக் கரை தெரியும். அது பெரிய பாட்டி கட்டிய புடவை என்று மாமியார் சொல்வார். கட்டியவர் போய் எண்பது வருஷம் இருக்கும். அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை, ஆனால் கட்டிய புடவையின் கரை இருக்கிறது. எனக்குப் பெருமை அந்த நீலக் கரைதான்.

எப்படித் தைக்கிறாங்க? மெஷின்ல ஓட்டினா சீக்கிரம் முடியுமே?

தரையில் பாய் விரித்து அதன்மேல் புடவைகளைச் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று பரப்பி, ஓரங்களை மடித்து, முதலில் பெரிய பெரிய தையலாக நூலோட்டிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு மடித்து வைத்துவிடலாம். மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் எடுப்பது, பிரித்து மடியில் போட்டுக் கொஞ்சம் தைப்பது, மறுபடி மடித்து வைப்பது. இப்படி மாசக்கணக்கில் போகும், வருஷக்கணக்கில் போவதும் உண்டு. உருவத்தின் வெளிக்கோட்டை ஊசியாலேயே முதலில் போட்டுக்கொள்வார்கள், பிறகு உள்ளே நிரப்புவார்கள். பென்சிலும் கிடையாது, அச்சும் கிடையாது. தரையில் அரிசி மாவால் ஆல்பனா போடுகிற கை அது, நம் வீட்டில் கோலம் போடுகிற கை மாதிரி. எங்கே வளைய வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் நூலோட்டுத் தையல்தான் முக்காலும். கஷ்டம் அதில் இல்லை. உருவத்தைச் சுற்றியுள்ள வெறும் இடத்தையும் அதே தையலால், அந்த உருவத்தின் விளிம்பைப் பின்பற்றியே வரிவரியாக நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பும்போது துணி முழுக்க மெல்லிய அலை எழும்பும், குளத்தில் கல் போட்டால் வட்டம் பரவுகிற மாதிரி. கையால் தடவினால் தெரியும். மெஷினில் மேல்நூல் அடிநூல் இரண்டும் துணியை அழுத்திப் பிடித்துவிடுவதால் இந்த அலை வருவதில்லை.

நூலைக்கூட புடவையிலேர்ந்தே உருவுவாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். புடவையின் பின்னணி வெள்ளை, கரை மட்டும் சிவப்பு, நீலம், கறுப்பு. அந்தக் கரையிலிருந்து இழை இழையாக உருவி, இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கித் தைத்தார்கள். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான். எங்கள் காந்தாவில் ஐந்து விதச் சிவப்பு இருக்கிறது, ஐந்து புடவைக் கரைகள் என்று அர்த்தம். பின்னால் கடையில் நூல்கண்டு தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் வந்துவிட்டன.

நடுவுல தாமரை, ஓரத்துல மீன், சீப்பு... இதுக்கெல்லாம் அர்த்தம் இருக்கா?

நடுவில் தாமரை, நாலு மூலையிலும் மாங்காய் வடிவக் கல்கா அல்லது மரம், இவற்றுக்கு இடையில் மீதி எல்லாம்: இது பரவலான அமைப்பு. மீன் வங்காளத்தில் வளத்துக்கு அடையாளம், கல்யாணத்துக்கே மீனை அலங்கரித்து அனுப்புகிற ஊர். முறம், பாக்குவெட்டி, சீப்பு, மைச்சிமிழ், பல்லக்கு எல்லாம் தைத்தவர் கண்ணெதிரே இருந்த பொருள்கள். ரயில் தைத்தவர்கள் உண்டு, துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தைத்தவர்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் ரகசியக் குறியீடு தேட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் காந்தாவில் ஒரு மீனுக்கு வால் பக்கம் செதில் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது. ஒரு விருந்தாளி அதற்குத் தத்துவ விளக்கம் சொன்னார். மாமியார் சொன்ன காரணம்: அந்த இடம் தைக்கும்போது திதிமாவுக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை பிறந்தது, அப்புறம் அந்த மீனுக்கு யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இது இந்துக்கள் கலையா, முஸ்லிம்கள் கலையா? இந்தியாவா, பங்களாதேஷா?

இரண்டு வீட்டுப் பெண்களும் தைத்தார்கள், தைக்கிறார்கள். சாமி உருவங்களும் மனித உருவங்களும் இந்து வீட்டுக் காந்தாக்களில் கூடுதலாக இருக்கும், முஸ்லிம் வீடுகளில் பூ, கொடி, வரி வடிவங்கள் கூடுதலாக இருக்கும். ஆனால் அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, தாமரை இரண்டு பக்கமும் இருக்கிறது. பிரிவினையில் ஜெசோர், குல்னா, ஃபரித்பூர், ராஜ்ஷாஹி, மைமன்சிங் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போயின, பீர்பூமும் பர்த்வானும் இந்தப் பக்கம். மேற்கு வங்கத்து நக்ஷி காந்தாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜமால்பூர் நக்ஷி காந்தாவுக்கு பங்களாதேஷும் தன் பங்குக்குக் கொடுத்திருக்கிறது.

என்கிட்ட காந்தா ஸ்டிச் சேலை இருக்கு. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

தையல் ஒன்று, பொருள் வேறு. காந்தா ஸ்டிச் சேலை என்பது ஒற்றை அடுக்குப் பட்டிலோ டஸரிலோ அந்த நூலோட்டுத் தையலால் வேலைப்பாடு செய்தது. போல்பூர், சாந்திநிகேதன் பக்கம் நிறையப் பெண்களுக்கு இதுதான் சம்பாத்தியம். வீட்டுக்குள் பேரப்பிள்ளைக்காகத் தைத்த கை, கூலிக்கு வெளியாருக்குத் தைக்கத் தொடங்கிய பிறகு வந்தது இந்தச் சேலை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முழுக்க நிரப்பித் தைத்த ஒரு சேலைக்கு மாசக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. காந்தாக் கலைக்காக 2023-இல் பிரிதிகனா கோஸ்வாமிக்கும் 2024-இல் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் வீட்டில் இனிப்பு வாங்கினோம்.

சேலை கையால் தைத்ததா என்று பார்க்க உள்பக்கம் திருப்புங்கள். கைத்தையலில் முன்பக்கம் தையல் இருக்கும் இடத்துக்குப் பின்பக்கம் இடைவெளி, முன்பக்கம் இடைவெளி இருக்கும் இடத்துக்குப் பின்பக்கம் தையல். அங்கங்கே முடிச்சு தட்டுப்படும். இரண்டு பக்கமும் நூல் விடாமல் தொடர்ந்து ஓடினால் அது மெஷின். தையலே இல்லாமல் அச்சடித்தும் வருகிறது, விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

ஆன்லைன்ல "வின்டேஜ் காந்தா" பெட்ஸ்ப்ரெட் வாங்கினேன். நிஜமாவே பழசா?

பெரும்பாலும் துணி பழசு, தையல் புதுசு. பழைய புடவைகளை மொத்தமாக வாங்கி, இரண்டு மூன்று அடுக்கு வைத்து, நேர்கோட்டில் நீளநீளத் தையலாக ஓட்டி விற்பனைக்கென்றே தைக்கிறார்கள். கையால் தைத்ததுதான், பழந்துணியும் வீணாகவில்லை, மனசாரப் பயன்படுத்துங்கள். ஆனால் பாலியஸ்டர் புடவையோ, பளிச்சென்ற ரசாயனச் சாய அச்சோ இருந்தால் அதற்கு "நூறு வருஷத்துப் பாரம்பரியம்" என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவும் இல்லையா?

அடுக்கிப் பூவேலை செய்த போர்வை தமிழ்நாட்டில் பெரிய வழக்கமாக வளரவில்லை, நம் வெயிலுக்கு அதன் தேவையும் குறைவு. பழஞ்சேலை நமக்குத் தூளியாகவும் விரிப்பாகவும் தலையணை உறையாகவும் போனது. கைவேலைத் துணி என்றால் நீலகிரித் தோடர்களின் சிவப்பு, கறுப்புப் பூத்தையல் இருக்கிறது, 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது வேறு வகை, போர்வை என்றாலும் ஒட்டுத்துணி அல்ல.

பக்கத்துக் கர்நாடகத்தில் உண்டு. வடகர்நாடகத்தில் கௌதி என்பார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் "சித்தி" என்ற சமூகத்தினர் தைக்கும் கவந்தி இன்னும் விசேஷம். அவர்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைப்பார்கள், கடைசியில் நாலு மூலையிலும் துணியைச் சின்னதாக மடித்துப் பூ வைப்பார்கள். பூ வைக்காமல் கவந்தி முடிந்ததாகக் கணக்கில்லை. பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, சிந்து, ராஜஸ்தான் பக்கம் ரல்லி என்று இந்தக் குடும்பம் பெரிசு.

துவைப்பீங்களா?

இப்போது இல்லை. ஒரு தடவை பட்டுவிட்டோம். கொல்கத்தாவில் இருந்தபோது, பதினைந்து வருஷம் முன்னால், துர்கா பூஜைக்கு முன் சுத்தம் செய்யலாம் என்று ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். டிரை கிளீனிங் என்று ரசீது போட்டு வாங்கிக்கொண்டு தண்ணீரில் முக்கிவிட்டார்கள். தாமரையின் ஒரு பக்கம் சிவப்பு இறங்கி வெள்ளைத் துணி ரோஜா நிறமாகிவிட்டது. அதோடு இஸ்திரியும் போட்டிருந்தார்கள், மேலே சொன்னேனே அந்த அலை, அது பாதி படுத்துவிட்டது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

தினம் போர்த்துகிற புதுக் காந்தா என்றால் தாராளமாகத் துவைக்கலாம், முதலில் ஈரப் பஞ்சால் ஒவ்வொரு நிற நூலையும் ஒற்றிப் பார்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு. பழசுக்குத் தண்ணீரே காட்டாதீர்கள். ஈரத்தில் அத்தனை அடுக்கும் கனத்துப்போய், தூக்கும்போது தன் பாரத்தாலேயே கிழியும். தூசி எடுக்க வேண்டுமா, கொசுவலைத் துண்டு ஒன்றை மேலே விரித்து, வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து அந்த வலைக்கு மேலாக இழுங்கள். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தரம் அவ்வளவுதான்.

எப்படி எடுத்து வெச்சிருக்கீங்க? நாப்தலின் உருண்டை போடலாமா? வெயில்ல போட்டா பூச்சி வராதே?

மடிப்பதில்லை, சுருட்டுகிறோம். மடித்த துணி மடிப்புக் கோட்டில்தான் முதலில் விட்டுப்போகும், பழைய பட்டுப்புடவை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணிக்கடையில் கேட்டு வாங்கிய கனத்த அட்டைக் குழாய் ஒன்று, அதன்மேல் கஞ்சி போகத் துவைத்த காடாத்துணி இரண்டு சுற்று, பிறகு காந்தாவை வேலைப்பாடு வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி, மேலே மறுபடி காடா. அட்டையிலும் மரத்திலும் இருக்கும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும், அதனால்தான் நடுவில் காடா. சுருட்ட இடமில்லை என்றால் மடியுங்கள், மடிப்புக்குள் காடாச் சுருள் வைத்து, மூன்று மாசத்துக்கு ஒரு தரம் வேறு கோட்டில் மாற்றி மடியுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். சென்னை ஈரத்துக்கு உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். ட்ரங்குப் பெட்டி என்றால் துரு பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் சாயத்தைத் தின்றுவிடும், நிழலில் காற்றாடப் போட்டால் போதும். நாப்தலின் துணியில் படக் கூடாது, வேப்பிலையும் நேராக வைத்தால் கறை இறங்கும், இரண்டையும் தனித் துணியில் முடிந்து வையுங்கள். பூச்சி வந்தே விட்டது என்றால், பாலித்தீனில் காற்றுப் போகாமல் சுற்றி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வெளியே விட்டுப் பிறகு பிரியுங்கள். பிளாஸ்டிக் உதவுகிற ஒரே இடம் இதுதான். எடுத்த உடனே பிரித்தால் குளிர்ந்த துணியில் வெளிக்காற்றின் ஈரம் படியும்.

அந்த ஓரத்துல பச்சையா ஒரு கறை இருக்கே, அதை எடுத்துடலாமே?

அது பித்தளைக் களிம்பு. 1950-இல் கிழக்கு வங்காளத்தில் கலவரம் நடந்தபோது குடும்பம் ஜெசோரை விட்டுக் கிளம்பியது. திதிமா வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை இந்தக் காந்தாவில் மூட்டை கட்டிக்கொண்டு, எல்லையோர ஊரான பொங்காவ் வழியாக ரயிலில் கொல்கத்தாவின் சியால்டா ஸ்டேஷனுக்கு வந்தார். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பதினொரு நாள். பகலில் மூட்டை, ராத்திரி அவிழ்த்தால் போர்வை, நாலு பிள்ளைகளும் அதற்குள். ஒரு சொம்பில் ஈரம் இருந்திருக்கிறது, அதன் வாய் பதிந்த வட்டம்தான் நீங்கள் பார்க்கிற பச்சை. பாத்திரங்களை ஜாதவ்பூர் பக்கம் குடிசை போடுவதற்காக ஒவ்வொன்றாக விற்றுவிட்டார்கள். அவற்றில் மிச்சமிருப்பது இந்த வட்டம் மட்டும்தான், எடுக்க மாட்டேன். சலவைக் கடையில் இறங்கிய சிவப்பை எடுக்க முடிந்தால் நாளைக்கே எடுப்பேன். இரண்டும் கறைதானே என்று கேட்பவர்களுக்கு என்னால் வேறு மாதிரி விளக்க முடியவில்லை.

கிழிஞ்ச இடத்துல ஒட்டுப் போட்டா மதிப்பு போயிடுமா?

காந்தாவே ஒட்டுதான். 1970-களில் மாமியார் ஒரு கிழிசலுக்கு நீலக்கட்டம் போட்ட கம்சா, அதாவது துவாலைத் துணியில் ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார், அதுவும் இப்போது ஐம்பது வருஷப் பழசு, அதையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறேன். இப்போது புதிதாகக் கிழிந்தால் நான் வேறு மாதிரி செய்கிறேன்: பழைய மெல்லிய பருத்தித் துணியை அடியில் கொடுத்து, பழைய ஊசித் துளைகளிலேயே, நைந்த துணியைவிட வலுக் குறைந்த நூலால் மெதுவாகப் பிடித்து வைப்பது. பின்னால் வருகிறவர் வேண்டாம் என்று நினைத்தால் பிரித்துவிடலாம். ஃபெவிக்கால், இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ் இரண்டும் கூடவே கூடாது. கறுப்பு நூல் மட்டும் தானாகவே உதிர்ந்து வரிவரியாகத் துளை தெரிந்தால் பயப்படாதீர்கள். இரும்பு சேர்த்துக் காய்ச்சிய கறுப்புச் சாயம் காலப்போக்கில் நூலையே அரிக்கும். அதை நிறுத்த வீட்டில் வழி கிடையாது, அசைக்காமல் வைக்கலாம்.

மூணு பிள்ளைங்க, காந்தா ஒண்ணு. வெட்டிப் பங்கு போட்டு ஃப்ரேம் பண்ணி மாட்டிக்கலாமா?

வேண்டாம். வெட்டினால் அடுக்கு பிரியும், நூலோட்டுத் தையல் வெட்டிய இடத்திலிருந்து உருவிக்கொண்டே போகும். எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. கடைசியில் காந்தா ஒருவரிடம், ஒவ்வொரு மூலையையும் நெருக்கத்தில் எடுத்த போட்டோவும் எழுதிய குறிப்பும் மூவரிடமும் என்று முடிவானது. இத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் கைமாற வேண்டும் என்றும் பேசிக்கொள்ளலாம். ஃப்ரேம், சுவரில் ஆணி, இரண்டும் துணியின் பாரத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்து அதன்மேல் ஏற்றும்.

இவ்வளவு பழசுன்னா மியூசியத்துக்கே குடுத்துடலாமே?

கொடுத்தவர்கள் இருந்ததால்தான் இன்றைக்கு நமக்குப் பழைய காந்தாக்கள் பார்க்கக் கிடைக்கின்றன. குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வேலை பார்த்த மாவட்டங்களில் எல்லாம் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தார், அவை கொல்கத்தாவின் ஓரத்தில் ஜோகாவில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே மானதாசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்த காந்தா இருக்கிறது, தன் பெயரையும் அதிலேயே தைத்திருக்கிறார். கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்தவை அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்குப் போயின.

ஆனால் அருங்காட்சியகக் காந்தாக்களில் பலவற்றுக்கு "வங்காளம், 19-ஆம் நூற்றாண்டு" என்பதற்குமேல் விவரம் இருக்காது. மானதாசுந்தரியை நமக்குத் தெரிவது அவரே பெயர் தைத்ததால். எங்கள் காந்தாவில் வருஷம்தான் இருக்கிறது, பெயர் இல்லை. மாமியார் இருக்கும்வரை அது அவர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று நினைக்கிறோம். பிறகு கொடுத்தாலும் கதையோடு சேர்த்தே கொடுப்போம்.

வித்தா என்ன விலைக்குப் போகும்? அமெரிக்கால இருக்கிற உங்க பொண்ணுக்கு அனுப்பிடலாமே?

விற்கிற எண்ணம் இல்லாததால் விலை விசாரித்ததில்லை. அனுப்பும் விஷயம் சட்டச் சிக்கல். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிவிடும், தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. 1332 என்று தைத்த காந்தா அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் யாருக்குத் தெரியும் என்று சொன்னவர்கள் உண்டு, மூலையில் வருஷமே தைத்திருக்கிறது என்று நான் சொன்னேன். உங்களுடையது நூறுக்குக் குறைவு, ஆனால் பார்க்கப் பழசாகத் தெரியும் என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்க வீட்லயும் பாட்டி தச்ச துணி ஒண்ணு பெட்டியில கிடக்கு. முதல்ல என்ன செய்யணும்?

காடா, குழாய் எல்லாம் அப்புறம். முதலில் வீட்டில் வயதானவர் யாரோ அவர் மடியில் அந்தத் துணியைப் போட்டு, போன் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பேசச் சொல்லுங்கள். "யார் தச்சது" என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இந்தச் சேலை யார் கட்டினது, இந்தக் கிழிசல் எப்படி ஆச்சு, இதுல யாரெல்லாம் தூங்கினீங்க" என்று துணியைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். பிளாட்பாரக் கதை எனக்குக் கிடைத்தது கறையைக் காட்டிக் கேட்ட பிறகுதான், அதுவரை பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு பருத்தி நாடாவில் பெயர், ஊர், வருஷம், இப்போது யாரிடம் இருக்கிறது என்று துவைத்தாலும் போகாத மையில் எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு, பின்பக்கம் ஒரு மூலையில் மேல் அடுக்கை மட்டும் பிடித்து நாலு தையல் போடுங்கள். காகிதத்தில் எழுதி வைத்தால் காகிதம் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் போய்விடும்.

நேர்ல வந்து பார்க்கலாமா?

வாருங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை விரிக்கிறோம், பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு, ஆடியில் ஒரு ஞாயிறு, மழை இல்லாத நாளாகப் பார்த்து. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுக் கை கழுவித் துடைத்துக்கொண்டால் தொட்டே பார்க்கலாம். கட்டிலில் விரிக்கும்போது எண்பத்தைந்து வயதான என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், வங்காளத் தமிழில் கதை சொல்வார். அந்தச் செதில் இல்லாத மீனை எனக்கு முன்னால் அவர் காட்டிவிடுவார், அதை அவருக்கே விட்டுவிடுங்கள்.